புத்தகம் போடாதவர்களும் எழுத்தாளர்கள்தான்

எழுதுகிற ஒருவரை யாருக்காவது அறிமுகம் செய்து பாருங்கள். உடனே ஒரு கேள்வி வரும்: “எத்தனை புத்தகம் போட்டிருக்கீங்க?” ஒன்றும் இல்லை என்றால், “அப்போ சும்மா எழுதுவீங்களாக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். அந்தச் ‘சும்மா’ என்கிற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

நான் எழுத ஆரம்பித்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் பெயரில் ஒரு புத்தகமும் கிடையாது. துண்டறிக்கை எழுதியிருக்கிறேன், ஆர்ப்பாட்டத்துக்கு முழக்கம் எழுதியிருக்கிறேன், உண்மையறியும் குழுக்களுக்கு அறிக்கை எழுதியிருக்கிறேன். செத்தவர்களுக்கு இரங்கல் சுவரொட்டி வாசகம், அயல்நாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அம்மாமார் சொல்லச் சொல்லக் கடிதம், யாருக்கும் காட்டாமல் கொஞ்சம் கதை. எழுதாத நாளில் ராத்திரி தூக்கம் சரியாக வராது. அவ்வளவு பிரியம் அதன்மேல்.

என் கதை பெரிதில்லை. விளாத்திகுளம் தாலுகாவில், இந்தக் குளத்தூரைச் சுற்றியுள்ள கரிசல்காட்டு ஊர்களில், என்னைவிட நன்றாக எழுதுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பகலில் மிளகாய்க் காட்டிலோ, உப்பளத்திலோ, கரிமூட்டத்திலோ வேலை. ராத்திரி நோட்டு. அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு அந்த நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன, அல்லது கரையானுக்கு. ஒரு சேரியின் ஐம்பது வருட வரலாறு கிலோ கணக்கில் விலை போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், நம் ஊர்களில் எழுத்து என்பது என்ன என்று பார்ப்போம்.

நம் மக்கள் அதிகமாக எழுதியதும் எழுதச் சொன்னதும் மனுதான். திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு ஆட்சியர் அலுவலகம் போகிற பேருந்தில் ஏறிப் பார்த்தால் தெரியும், எத்தனை கைகளில் மடித்த காகிதம் இருக்கிறது என்று. பட்டா, குடிநீர், மயானப் பாதை, கூலி பாக்கி, இரட்டைக் குவளை. மனு எழுதுவது லேசான வேலை என்று நினைப்பவர்கள் எழுதிப் பார்த்ததில்லை.

ஒருமுறை மயானப் பாதை கேட்டு மனு எழுத ஒரு பெரியம்மா வந்தார். “எய்யா, நான் சொல்றத அப்படியே எழுது. பெறகு ஒருக்க வாசிச்சுக் காட்டு” என்றார். எழுதி வாசித்தேன். ஓர் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். “பெருஞ் சிரமத்திற்கு ஆளாகிறோம்னு எழுதாத. மழையில பொணத்தத் தூக்கிக்கிட்டு கருவமுள்ளுக்குள்ள நடந்தோம்னு எழுது.” அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. எந்தப் பயிலரங்கிலும் எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித் தந்ததில்லை.

வன்கொடுமைப் புகார் எழுதுவது இன்னும் நுணுக்கமானது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதியைச் சொல்லித் திட்டுவது குற்றம். ஆனால் அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்று பிரிவு சொல்கிறது. வெளியாள் யாரும் இல்லாமல் நான்கு சுவருக்குள் நடந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று உத்தராகண்ட் வழக்கு ஒன்றில் 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக, ‘கேவலமாகப் பேசினார்’ என்று எழுதினால் புகார் அங்கேயே செத்துப்போகும். எந்த வார்த்தை, எந்த இடம், எத்தனை மணி, பக்கத்தில் யார் நின்றார்கள், திட்டியவர் என்ன சாதி, திட்டு வாங்கியவர் என்ன சாதி எல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும். அடிபட்டு அழுதுகொண்டு நிற்கும் ஒரு மனுசியிடம், அவரை மறுபடி அவமானப்படுத்தாமல் இதையெல்லாம் கேட்டு, அவருடைய பேச்சும் கெடாமல், சட்டமும் பிசகாமல் இரண்டு பக்கத்தில் எழுதுகிற ஆளை நீங்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்? நான் எழுத்தாளர் என்றுதான் சொல்வேன்.

ஆனால் அந்த இரண்டு பக்கத்தின் கீழே இருப்பது இன்னொருவரின் கைநாட்டு. எழுதியவர் பெயர் எங்கும் இருக்காது. காகிதம் அலுவலகக் கோப்புக்குள் போய்விடும். எழுதியவர் கையில் மிஞ்சுவது அதிகம் போனால் ஒரு ரசீது. வாழ்நாள் முழுக்க எழுதியும் ஒரு புத்தகம் இல்லாமல் போவது இப்படித்தான். எழுத்து முழுவதும் அடுத்தவர் தேவைக்குச் செலவாகிவிடுகிறது.

புத்தகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நம் கரிசலில் கோவில்பட்டிப் பக்கத்து ஆண்டிபட்டியிலிருந்து பூமணியின் ‘பிறகு’ 1979இல் வந்தது. செருப்புத் தைக்கும் அழகிரி அந்த நாவலின் நடுவில் நின்றார். உருளைக்குடியிலிருந்து சோ. தர்மனின் ‘தூர்வை’ 1996இல் வந்தது. இருவருக்கும் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது, ஒருவருக்கு 2014இல், ஒருவருக்கு 2019இல். அவை புத்தகமாக வந்திராவிட்டால் கரிசல் என்றால் வேறு சிலருடைய வீட்டுத் திண்ணை மட்டும்தான் என்று உலகம் நினைத்திருக்கும். புத்தகம் இருந்தால் நூலகத்துக்குப் போகும், பாடத்தில் சேரும், ஆய்வு செய்கிறவன் எடுத்துக் காட்டுவான். புத்தகம் இல்லாதவன் வரலாற்றில் இல்லாதவன் ஆகிறான். அதனால்தான் கேட்கிறேன்: ஒரு நோட்டு புத்தகமாவதற்கும் குப்பையாவதற்கும் நடுவில் நிற்பது எது? திறமையா?

நம் வரலாற்றிலிருந்தே பார்க்கலாம்.

1907இல் சென்னை. நம் எட்டயபுரத்திலிருந்து போன பாரதி ‘இந்தியா’ வார இதழில் எழுதிக்கொண்டிருந்தார். அதே வருடம் ஜூன் மாதம் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார்; அடுத்த வருடம் அது ‘தமிழன்’ ஆனது. ஒரே ஊர், ஒரே காலம், இரண்டு பத்திரிகைக்காரர்கள். பண்டிதர் 1914 மே மாதம் இறக்கும்வரை வாராவாரம் எழுதினார். அரசியல், சமயம், மருத்துவம், இலக்கணம், வரலாறு என்று எழுதாத துறை இல்லை. இதழ் கோலார் தங்கவயலுக்கும் ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும், தமிழ் உழைப்பாளிகள் போன இடமெல்லாம் போனது.

பாரதி 1921இல் இறந்தார். அவர் எழுதியதிலும் நிறைய, புத்தகமாகாமல் பத்திரிகைப் பக்கங்களில்தான் கிடந்தது. ஆனால் 1949இல் அவர் எழுத்தின் உரிமையை அரசே எடுத்துக்கொண்டது. பெ. தூரன் சுதேசமித்திரன் பக்கங்களைத் தேடி 1953இல் ‘பாரதி தமிழ்’ கொண்டுவந்தார். ரா.அ. பத்மநாபன் தேடினார், சீனி. விசுவநாதன் காலவரிசைப்படி தொகுத்தார். செய்ய வேண்டிய வேலை, நன்றாகச் செய்தார்கள்.

பண்டிதருக்கு என்ன நடந்தது? அவர் காலத்தில் சில சிறு நூல்கள் வந்தன. பிறகு கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்கள் மத்தியில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை சிலவற்றை அச்சிட்டது. ‘தமிழன்’ இதழ்களில் இருந்த கட்டுரைகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்று இரண்டு பெருந்தொகுதிகளாக வந்தது 1999இல். வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். இறந்து 85 வருடம் கழித்து! அதுவரை தமிழ்நாட்டு அரசியல் வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் அவர் பெயரைச் சொல்லாமலே எழுதி முடித்தார்கள்.

அந்த 85 வருடம் இதழ்கள் எங்கே இருந்தன? அரசு ஆவணக் காப்பகம் தேடிப்போய்ச் சேர்த்து வைக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தங்கள் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். வாடகை வீடு மாறும்போதும், மழை ஒழுகும்போதும், ‘இந்தக் குப்பையை எதுக்கு வச்சிருக்கீங்க’ என்று வீட்டில் கேட்கும்போதும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். அதனால்தான் இன்று நாம் அயோத்திதாசரைப் படிக்கிறோம்.

அம்பேத்கருக்கே இதுதான் நடந்தது. வாழ்நாளில் அத்தனை நூல்கள் வெளியிட்டவர் 1956இல் மறைந்தபோது பெட்டி பெட்டியாக அச்சேறாத கையெழுத்துப் பிரதிகள் கிடந்தன. மகாராஷ்டிர அரசின் தொகுப்புத் திட்டத்தில் முதல் தொகுதி வந்தது 1979இல். வசந்த் மூன் என்கிற மனிதர் அந்தக் காகிதங்களோடு மல்லுக்கட்டினார். இந்து மதத்தின் புதிர்களை அவர் எழுதி வைத்தது 1987இல்தான் அச்சுக்கு வந்தது. தன் பள்ளி நாளில் மாட்டுவண்டிக்காரன் ஏற்ற மறுத்ததிலிருந்து பரோடாவில் தங்க இடமில்லாமல் துரத்தப்பட்டது வரை அவர் கையால் எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ தனி நூலாக வந்தது 1990இல். இன்று தீண்டாமை என்றால் என்ன என்று வெளிநாட்டு மாணவனுக்குச் சொல்ல முதலில் கொடுக்கிற பக்கங்கள் அவை. அந்தக் காகிதம் ஈரத்தில் போயிருந்தால்?

நம் பக்கத்துக்கே வருகிறேன். வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா, கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்த பிறகு தன் மன ஆறுதலுக்காக எழுத ஆரம்பித்தார். புத்தகம் போடும் எண்ணமே அப்போது அவருக்கு இல்லை. படித்துப் பார்த்த நண்பர்கள் ‘இது அச்சாக வேண்டும்’ என்றார்கள். 1992இல் மதுரையிலிருந்து ‘கருக்கு’ வந்தது. தமிழில் தலித் தன்வரலாறு என்றாலே முதலில் சொல்லப்படும் புத்தகம் அது. ஒரு ஆள் எழுதினார், ஒரு ஆள் வாசித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நோட்டுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் நிற்பது அந்த இரண்டாவது ஆள்தான். ஆதிக்கச் சாதி எழுத்தாளனுக்கு அந்த இரண்டாவது ஆள் வீட்டிலேயே இருப்பார். சித்தப்பா பதிப்பகத்தில் இருப்பார், மாமா பத்திரிகையில் இருப்பார். நமக்கு அந்த ஆளை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

உண்டாக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது.

புனேயில் ஜோதிராவ், சாவித்திரிபாய் புலே நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே, மாங் சாதியில் பிறந்த 14 வயதுப் பெண். 1855இல் மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். ‘ஞானோதயா’ இதழில் அது வெளிவந்தது. எங்கள் மதம் எது என்று நேராகக் கேட்ட கட்டுரை. தலித் பெண் எழுத்தின் தொடக்கம் என்று இன்று அதைச் சொல்கிறோம். அதற்குப் பிறகு அவள் எழுதிய எதுவும் நம் கைக்கு வரவில்லை. எழுதாமலா இருந்திருப்பாள்? 14 வயதில் அப்படி எழுதிய கை அதோடு நின்றிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அவளுக்கு ஒரு பொன்னோவியம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

2016 ஜனவரி 17. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா இறந்தார். 26 வயது. கடைசியாக எழுதிய கடிதத்தில், எழுத்தாளனாக வேண்டும், கார்ல் சேகன் போல அறிவியல் எழுத வேண்டும் என்பதே தன் ஆசை என்றும், கடைசியில் எழுத வாய்த்தது இந்தக் கடிதம் மட்டும்தான் என்றும் சொல்லியிருந்தார். அதே கடிதத்தில் தனக்கு வர வேண்டிய ஏழு மாத உதவித்தொகைப் பாக்கி 1,75,000 ரூபாய் என்று கணக்கும் எழுதியிருந்தார். எழுத்தாளனாக ஆசைப்பட்டவன் கடைசிக் காகிதத்திலும் பாக்கித் தொகையை எழுத வேண்டியிருந்தது. நம் பிள்ளைகள் ஏன் புத்தகம் போடவில்லை என்று கேட்பவர்கள் அந்த ஒரு வரியைப் படிக்கட்டும். முகநூலில் அவர் எழுதி வந்த பதிவுகளை நிகிலா ஹென்றி தொகுத்து அதே வருடம் ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார். ரோகித்துக்குப் புத்தகம் வந்தது. பார்க்க ரோகித் இல்லை.

“அதெல்லாம் அந்தக் காலம். இப்போது யார் வேண்டுமானாலும் புத்தகம் போடலாமே, முகநூலில் எழுதலாமே” என்று தம்பிகள் சொல்கிறார்கள். போடலாம். பணம் கட்டினால் ஐம்பது பிரதிகூட அடித்துத் தருகிறார்கள். அந்தப் பணம் ஒரு கூலிக்காரருக்கு எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போடுங்கள். கட்டிப் போட்டாலும் பிரதிகள் கட்டிலுக்கு அடியில் கட்டுப் பிரிக்காமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். வாசிக்க ஆள் இல்லாத புத்தகமும் பரணில் கிடக்கும் நோட்டும் ஒன்றுதான். முகநூல் கணக்கு, கடவுச்சொல் தெரிந்தவர் போய்விட்டால் அதுவும் போச்சு. கருவி மாறியிருக்கிறது. இரண்டாவது ஆள் இன்னும் தேவைப்படுகிறார்.

காகிதத்தின் அருமை நம் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து வீடு வீடாக நொறுக்கியபோது, பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழும் வெளிநாடு போக எடுத்து வைத்திருந்த கடவுச்சீட்டும் அழிக்கப்பட்டதை மக்கள் சொன்னார்கள். நம் கையில் உள்ள காகிதம் எவ்வளவு பலமானது என்று எதிரிக்குத் தெரிகிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

செய்ய முடியாத வேலை ஒன்றும் இல்லை. ஈழத் தமிழர்கள் 2005இல் ‘நூலகம்’ என்று ஓர் இணையச் சேகரிப்பைத் தொடங்கினார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம் அது. புத்தகத்தோடு நிற்காமல் துண்டறிக்கை, விழா மலர், ஊர்ச் சங்கப் பதிவு வரை மின்படமாக்கி எல்லோரும் படிக்க வைத்திருக்கிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். நாடக நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும்கூடச் சேர்த்தார். இன்று சென்னையில் அவர் பெயரில் உள்ள ஆராய்ச்சி நூலகம் அந்தச் சேகரிப்பில்தான் நிற்கிறது. பெரிய படிப்பு, பெரிய பணம் எதுவும் தேவைப்படவில்லை. தூக்கிப் போடாமல் இருந்தால் போதும்.

நம் ஊர்களில் அம்பேத்கர் படிப்பகம் இருக்கிறது, மன்றம் இருக்கிறது. அங்கே ஒரு இரும்புப் பீரோ வாங்கி வையுங்கள். ஊரில் எழுதுகிற ஆள் யார் என்று கேளுங்கள். எத்தனை புத்தகம் என்று கேட்காதீர்கள். எழுதியதை எங்கே வைத்திருக்கிறீர்கள், நான் வாசிக்கலாமா என்று கேளுங்கள். மகளிர் குழுத் தீர்மான நோட்டு, மன்றத்தின் வரவு செலவு, இளைஞர்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகை, ஆர்ப்பாட்டத் துண்டறிக்கை, மனுவின் நகலும் ரசீதும் எல்லாமே எழுத்துதான். கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். யார் எழுதியது, எந்த ஊர், எந்த வருடம் என்று குறிக்காமல் விடாதீர்கள்; தேதி இல்லாத காகிதம் பாதி செத்த காகிதம்.

இரண்டு எச்சரிக்கை. மனுவிலும் புகாரிலும் பாதிக்கப்பட்டவர்கள் பெயர், குறிப்பாகப் பெண்கள் பெயர் இருக்கும். அவர்கள் சம்மதம் இல்லாமல் எதையும் பொதுவில் போடக்கூடாது. பாதுகாப்பது வேறு, பரப்புவது வேறு. அடுத்து, எழுதியவர் மொழியைத் திருத்தாதீர்கள். ‘கருவமுள்ளு’ என்று இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

எழுதிக்கொண்டே இருந்து புத்தகம் போடாமல் வயதாகிப்போன அண்ணன்மார், அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் எழுத்தால் ஒரு தெருவுக்குத் தண்ணீர் வந்திருக்கும், ஒரு வழக்கு பதிவாகியிருக்கும், ஒரு பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கிடைத்திருக்கும். அச்சேறிய புத்தகங்களில் எத்தனைக்கு அந்தப் பாக்கியம் உண்டு? நீங்கள் சும்மா எழுதவில்லை. ஆனால் உங்களோடு அது போய்விடக்கூடாது. வீட்டில் யாரிடமாவது, பேரன் பேத்தியிடமாவது, ‘இது குப்பை இல்லை’ என்று இன்றே சொல்லி வையுங்கள்.

ஐப்பசி பிறந்தால் நம் பக்கம் அடைமழை பிடித்துக்கொள்ளும், ஓட்டு வீடு ஒழுகும். அதற்கு முன்னால் பரணில் கிடக்கும் தகரப் பெட்டியைக் கீழே இறக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.